நம்பகமற்றவர்

எல்லோரும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நாளும் மேனேஜராக இருந்ததில்லை. வங்கியின் கடன் பிரிவில் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்து, விண்ணப்பத்தோடு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, இவன் திருப்பிக் கட்டுவான், இவன் கட்டமாட்டான் என்று பிரித்துக் கொடுத்ததுதான் அவர் வேலை. சண்டை ஊருக்குள் வந்தபோது வங்கியைப் பூட்டிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தார். ஒன்பதாவது மாதம் இயக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆட்களை எடைபோடத் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார் என்றார்கள். சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் முதல் தேதி தவறாது என்றார்கள். தவறவில்லை.

அலுவலகம் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். வெளியே போர்டு கிடையாது. வர வேண்டியவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு எதிரியின் பக்கம் போய், தானும் செத்து மற்றவர்களையும் சாகடிக்கத் தயார் என்று வருகிறவர்களோடு பேசி, யாரை எடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று சொல்வது மேனேஜரின் வேலை. எங்கே, எப்போது, எப்படி என்பதெல்லாம் வேறு ஆட்களின் பொறுப்பு. அவரிடம் இருந்தது நான்கு பக்கப் படிவமும் ஒரு பேனாவும்.

இப்படி ஒரு காரியத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று முதல் வாரம் நினைத்தார். படிக்கட்டில் வரிசை நின்றது.

வருகிறவர்கள் பைத்தியங்கள் என்றும், சோற்றுக்கு வழியில்லாதவர்கள் என்றும் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுதினார்கள். மேனேஜர் ஆறு மாதத்தில் அப்படி இல்லை என்று தெரிந்துகொண்டார். பைத்தியம் ஒருவரும் வரவில்லை. ஏழைகள் வந்தார்கள், ஆனால் தெருவில் எத்தனை பேர் ஏழையோ அத்தனை பேர்தான் படிக்கட்டிலும். கடன்காரர்களை அவர் எடுப்பதில்லை. செத்தவரின் குடும்பத்துக்கு இயக்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது. அதை நினைத்து வருகிறவன், வேறு எங்காவது பணம் கிடைத்ததும் வராமல் போய்விடுவான். வீட்டில் சாவு விழுந்து இரண்டு மாதம் ஆகாதவர்களையும் எடுப்பதில்லை. துக்கம் ஆறியதும் அவர்களுக்குப் பசிக்க ஆரம்பித்துவிடும். வாழவே பிடிக்கவில்லை என்று வருகிறவர்கள் அறவே கூடாது. அவர்களுக்குத் தேதி வரைக்கும் பொறுமை இருப்பதில்லை. யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறவனும் ஆகாது. அவன் சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் கேட்டாலும் தலையாட்டுவான்.

மிஞ்சுகிறவர்கள் யாரென்றால், நிதானமானவர்கள். நாலு பேர் மெச்சுகிற மாதிரி வேலை செய்கிறவர்கள். ஐந்து மணிக்கு வருகிறேன் என்றால் ஐந்து மணிக்கு வருகிறவர்கள். வங்கியில் யாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுப்பாரோ, அவர்களைத்தான் இங்கேயும் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

கையெழுத்துப் போட்ட பிறகு நடப்பதும் அவருக்கு ஓரளவு தெரியும். மூன்று மூன்று பேராக ஒரு வீட்டில் தங்க வைப்பார்கள். புகைப்படம் எடுப்பார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொல்லி வாங்கி வைப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் திரும்பியதில்லை. வாசலில் காவலுக்கு ஆள் போட்டதும் இல்லை. மற்ற இரண்டு பேரின் முகத்தைப் பார்த்து, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல முதலில் ஒருவன் வாய் திறக்க வேண்டும். யாரும் திறக்கமாட்டார்கள். திறக்காதவர்களாகப் பார்த்து அனுப்பியவர்தான் மேலே உட்கார்ந்திருந்தாரே.

மூன்று வருடத்தில் அவர் எடுத்தது பத்தொன்பது பேர். அவர்களோடு சேர்ந்து எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கை இயக்கம் வேறொரு கோப்பில் வைத்திருந்தது. அந்தக் கோப்பை அவர் கேட்டதில்லை. ஆனால் திருப்பி அனுப்பியவர்களின் பெயர்களைத் தன் சொந்த டைரியில் எழுதி வைத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பினால் பத்தில் ஒன்பது பேர் வருவதில்லை என்பது அவருக்குப் பெருமை. ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவியிடம், இதுவரை எண்பத்து நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். மனைவி தையல் வகுப்பு நடத்துகிறவர், கச்சிதமாகப் பேசுகிறவர். "மிச்சம் எத்தனை?" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

நான்காவது வருட ஆரம்பத்தில் ஒரு பெண் வந்தாள். பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. அக்கா இறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. மேனேஜர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார். ஏழு வாரம் கழித்து, பால் வாங்கப் போன இடத்தில், சுவரில் மஞ்சள் விளிம்பு போட்ட போஸ்டரில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் விளிம்பு இன்னொரு இயக்கத்துடையது. மேனேஜர் அதை எதிர்க்கடை என்பார். எதிரியின் பக்கத்துப் பேருந்து நிலையத்தில் பதினொரு பேரோடு அவள் செத்திருந்தாள். செத்தவர்களின் பெயர்கள் மறுநாள் பேப்பரில் வந்தன. ஒருவர் டிக்கெட் கொடுக்கிறவர். ஒருத்தி திரைச்சீலை வாங்கிக்கொண்டு திரும்பியவள். மேனேஜர் எல்லாப் பெயரையும் இரண்டு தடவை படித்தார். அதுவரை அவர் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை.

அடுத்த மூன்று நாள் டைரியை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்க நடந்தார். மஞ்சள் விளிம்பு போஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து டைரியில் டிக் போட்டார். மழையில் கிழிந்தவற்றைக் கையால் நீவிச் சேர்த்துப் படித்தார். ஒன்பது டிக் விழுந்தது. அவர் வீட்டுக்கு அனுப்பியதாக நினைத்த ஒன்பது பேர் வீட்டுக்குப் போகவில்லை, இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தார்கள்.

எதிர்க்கடையில் ஆள் எடுக்கிறவர் யார் என்பது ஊரில் ரகசியம் இல்லை. பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. பள்ளியை ராணுவம் எடுத்துக்கொண்ட பிறகு அவருக்கும் இந்த வேலை வந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கீழே இருந்த கடையில்தான் சரிபார்ப்பார். கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன நாளில் மேனேஜரும் கீழே போய், தனக்கும் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் வேணாம்னு அனுப்பினவங்களை நீங்க எடுத்துக்கறீங்க டீச்சர்" என்றார்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வேணாம்னு சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியில எழுதி ஒட்டியா அனுப்பறீங்க?"

அவரிடமும் ஒரு நோட்டு இருந்தது. அவர் திருப்பி அனுப்பியவர்களில் நான்கு பேர் மேனேஜரின் கையெழுத்தோடு போயிருந்தார்கள். ஒருவன் அவருடைய பழைய மாணவியின் கணவன். அவனுக்குத் தூக்கத்தில் நடக்கிற வியாதி என்று தலைமை ஆசிரியை திருப்பி அனுப்பியிருந்தார். மேனேஜருக்கு அது தெரியாது. அவர் பார்த்தபோது அவன் விழித்திருந்தான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேனேஜர், தரம் கெட்டுப்போகக் கூடாது, அதற்காக இரண்டு பேரும் தள்ளுபடிப் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஒருவர் தள்ளியவரை மற்றவர் தொடக் கூடாது. தலைமை ஆசிரியையும், ஆமாம், தரம் முக்கியம் என்றார்.

"இதுவரைக்கும் எத்தனை பேரை எடுத்திருக்கீங்க சார்?" என்று கேட்டார் எழுந்து போகும்போது.

"பத்தொம்போது. நீங்க?"

"இருபத்தாறு. ஒரு கிளாஸ்" என்றார் தலைமை ஆசிரியை.

அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று மேலும் கீழும் போய் வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும், இரண்டு பேருக்கும் இத்தனை சீக்கிரம் பவர் மாறுவது நல்லதில்லை என்றார்.

பட்டியல் நீண்டது. பக்கத்துக்கு இருபது பெயர் இருந்தது முப்பது ஆனது. மேனேஜருக்கு முன்பு கண்ணில் படாத குறைகள் எல்லாம் படத் தொடங்கின. ஒருவனுக்குக் கை வியர்த்தது. ஒருத்திக்கு வலது இடது தடுமாறியது. ஒருவன் படிக்கட்டு ஏறியதும் மூச்சு வாங்கினான். தலைமை ஆசிரியையின் தாளிலும் காரணங்கள் அதே தரத்தில்தான் வந்தன. ஐந்து மாதம் இரண்டு இயக்கத்திலிருந்தும் ஒருவரும் போகவில்லை. இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்தாவது மாதம் இயக்கத்தின் ஊர்ப் பொறுப்பாளர் மேலே வந்தார். மேனேஜரைவிட இருபது வயது சின்னவர். ரொம்ப மரியாதையான ஆள், நின்றுகொண்டேதான் பேசுவார். குண்டும் வண்டியும் எல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல தையல் மெஷின் விலைதான் ஆகிறது என்றார். இதில் விலை என்று எதையாவது சொன்னால் அது ஆள்தான். ஆள் போகவில்லை என்றால் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பணம் அனுப்ப யோசிப்பார்கள். ஊர் ஜனங்கள், யார் கை ஓங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் அந்தப் பக்கம் சாய்வார்கள். எதிர்க்கடையும் சும்மா இருப்பதால் இப்போதைக்குப் பரவாயில்லை. அவர்கள் ஒன்று செய்தால் நாம் இரண்டு செய்தாக வேண்டும். இதையெல்லாம் சந்தையில் காய் விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரியாததா சார் என்று முடித்தார். மேனேஜர், இந்த வருடம் வருகிறவர்களின் தரம் சரியில்லை என்றார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, மேனேஜரின் மச்சினன் படியேறி வந்தான்.

மனைவியின் ஒரே தம்பி. இருபத்தொன்பது வயது. ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாரத்தில் மூன்று நாள் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. உள்ளே வந்து, கருவிப் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். மனைவி ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று மேனேஜர் நினைத்தார். அவன் படிவத்தைக் கேட்டான்.

"சொந்தக்காரங்களை நான் பார்க்கக் கூடாது. பக்கத்து ஊர் ஆபீசுக்குப் போகணும்" என்றார் மேனேஜர்.

"பக்கத்து ஊருக்கு நாலு சாவடி தாண்டணும் மாமா. ஒரு நாள் வேலை போயிடும்."

மேனேஜர் படிவத்தை எடுத்தார். எடுக்காவிட்டால் அவன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போவான் என்று அவருக்குத் தெரியும். முதல் பக்கத்திலிருந்து எல்லாக் கேள்வியையும் முறையாகக் கேட்டார். கடன் இல்லை. யாரோடும் தகராறு இல்லை. சமீபத்தில் வீட்டில் சாவு இல்லை. பெண் விவகாரம் இல்லை. நோய் நொடி இல்லை. தூக்கம் நன்றாக வருகிறது. எப்போது தயார் என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தான்.

"இருபதாம் தேதிக்கு அப்புறம் வெச்சா நல்லது. ஆஸ்பத்திரியில தடுப்பூசி வெக்கற பெட்டிக்கு கம்ப்ரசர் வரணும். முடிச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

மூன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான். ஏன் என்பது அது. அதற்கு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். பெரும்பாலும் வருகிறவர்கள் அதற்கு நாடு, மண், மானம் என்று ஆரம்பித்து இடம் போதாமல் ஓரத்தில் எழுதுவார்கள். மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

போன வருடம் அவன் சிநேகிதன் ஒரு பிளம்பர், சாவடியில் அடையாள அட்டையை மறந்துவிட்டு, எடுத்து வருகிறேன் என்று திரும்பி ஓடியபோது முதுகில் சுட்டார்கள். அவனைப் புதைத்துவிட்டு வரும்போது மீதி மூன்று பேரும் ஒரு சுவரோரம் நின்றிருந்தார்கள். மூன்று பேரில் ஒருவன் அச்சகத்தில் வேலை செய்கிறவன், இன்னொருவன் வேன் ஓட்டுகிறவன். அச்சகக்காரன்தான் முதலில், நான் போகப்போகிறேன் என்றான். வேன்காரன், நீ போனால் நானும் என்றான்.

"அவங்க ரெண்டு பேரும் சொன்னப்புறம் நான் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்? நானும் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"சொல்லிட்டேன் இல்ல மாமா."

மேனேஜர் இருபத்து மூன்று வருட வங்கி அனுபவத்திலும் நான்கு வருட இயக்க அனுபவத்திலும் இப்படி ஒரு விண்ணப்பத்தைப் பார்த்ததில்லை. எந்தக் கட்டத்திலும் ஒரு குறை இல்லை. கை வியர்க்கிறதா என்று பார்த்தார். உலர்ந்து, கிரீஸ் வாசனையோடு, மேசை மேல் அசையாமல் இருந்தது. கடைசிப் பக்கத்தில் தள்ளுபடிக்கான காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. எடுக்கவில்லை என்றால் காரணத்தை எழுதி, வந்தவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மேனேஜர் பேனாவை வைத்து எழுதினார். எழுதியதைப் படித்தார்.

"நம்பகமற்றவர். சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டார்."

மச்சினன் முதலில் அது வேறு யாருடைய படிவமோ என்று எட்டிப் பார்த்தான். அவன் பெயர்தான் இருந்தது. காதோரம் சிவந்துவிட்டது.

"பன்னெண்டு வருஷமா தொழில் பண்றேன். லேட்டா வந்தேன்னு ஒருத்தர் சொல்லட்டும்" என்றான். மேனேஜர் தாளைக் கோப்பில் வைத்தார். அவன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. தம்பி எதற்காகப் போனான் என்பதைக் கேட்டு மனைவி அழுதார். அழுது முடித்துவிட்டு, நீங்கள் திருப்பி அனுப்பியதற்கு நன்றி சொல்லவா என்று கேட்டார். அந்தக் கேள்வியை வரவில் வைப்பதா, செலவில் வைப்பதா என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மனைவி மறுபடி வந்தார்.

"அவன் சின்ன வயசுலேருந்து அந்த ஒண்ணுக்காகத்தான் நல்ல பேரு வாங்கியிருக்கான். உங்களுக்கு வேற காரணமே கிடைக்கலையா?"

"தேடினேன்" என்றார் மேனேஜர்.

மச்சினன் அடுத்த நாளே எதிர்க்கடைக்குப் போயிருந்தான். அது மேனேஜருக்கு ஐந்தாம் நாள், கண்ணாடிக்கடைக்காரர் மேலே வந்து, அந்த டீச்சர் கீழே காத்திருக்கிறார் என்று சொன்னபோது தெரிந்தது. தலைமை ஆசிரியை மடித்த தாளைப் பிரித்து, கடைசிப் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பையனோட நாப்பது நிமிஷம் பேசினேன். நம்பகமில்லாதவன்னு போட்டிருக்கீங்க. எனக்கு அப்படித் தெரியலை. ஏதாவது தப்பா எழுதிட்டீங்களோன்னு கேக்க வந்தேன்."

மேனேஜர் அவர் விரலிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்.

"அவன் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சினன்."

தலைமை ஆசிரியை தாளை மடித்தார். திரும்பவும் பிரித்தார். "போன மாசம் நான் கொடுத்த பட்டியல்ல, ஞாபக மறதின்னு ஒரு பொண்ணு இருப்பா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"என் தங்கச்சி மக. மருந்துக்கடையில இருக்கா. ஐநூறு மருந்து பேரு, விலையோட சொல்லுவா."

எழுத்துகள் போட்ட பலகைக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் தடவையாக அவர்கள் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. மற்ற பெயர்களிலும் எத்தனை இப்படி என்று மேனேஜர் கேட்கவில்லை. மேனேஜருடைய பட்டியலைப் பற்றித் தலைமை ஆசிரியையும் கேட்கவில்லை. உங்கள் மச்சினனைத் திருப்பி அனுப்பிவிட்டேன், நானும் அதே காரணத்தைத்தான் சொன்னேன் என்று மட்டும் தலைமை ஆசிரியை சொன்னார். இரண்டு இடத்திலும் ஒரே காரணத்தைக் கேட்டதும் அவன் எழுந்து நின்றுவிட்டானாம். இவ்வளவு நாள் ஊரே தன்னைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்ததா என்று கேட்டானாம்.

ஆள் போகாமல் எட்டு மாதம் ஆனதும் பொறுப்பாளர் கோப்புகளைக் கேட்டு அனுப்பினார். ஒரு வாரம் வைத்துப் படித்தார். பிறகு மேனேஜரைத் தன் இடத்துக்கு வரச் சொன்னார். ஏ.சி. போட்ட அறை. மச்சினனின் படிவம் மேசை மேல் இருந்தது.

"இந்த ஏ.சி. போன மாசம் கெட்டுப்போச்சு சார். உங்க மச்சினன் நாலு மணிக்கு வரேன்னு சொன்னார், நாலு மணிக்கு வந்தார். நம்பகமில்லாதவர்னு எழுதியிருக்கீங்க."

மேனேஜர், மெஷின் வேறு, இது வேறு என்றார். பொறுப்பாளர் அதை மறுக்கவில்லை. சொந்தக்காரரை நீங்கள் பார்த்தது விதிமீறல், அதை மட்டும் நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். அடுத்த மாதத்திலிருந்து மேனேஜருக்கு வேறு வேலை. உதவித்தொகை வாங்கும் குடும்பங்களின் விலாசம் சரிதானா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் இடத்துக்குப் படித்த பையன் ஒருவன் வருகிறான், மதிப்பெண் போடுகிற மாதிரிப் புதுப் படிவம் தயாரித்திருக்கிறான், முகம் பார்த்து முடிவு செய்கிற வேலையே இனி இல்லை. எதிர்க்கடையிலும் அந்த மாதமே தலைமை ஆசிரியையை அனுப்பிவிட்டார்கள். அவர் தங்கை வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கண்ணாடிக்கடைக்காரர் சொன்னார்.

இடம் மாறியதைவிட மேனேஜரை உலுக்கியது வேறு. பொறுப்பாளர் மச்சினனைத் தானே நேரில் பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்தார். மேனேஜர் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி தம்பியின் அறைக்குப் போய் உட்கார்ந்தார். அவன் அக்காவுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

பொறுப்பாளர் அவனுடைய பட்டறைக்குப் போனார். நடந்தது தவறு என்றும், இயக்கம் அதற்காக வருந்துகிறது என்றும், அவனைப் போன்ற ஒருவர் கிடைப்பது அபூர்வம் என்றும் சொன்னார். மச்சினன் ஒரு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். கேட்டு முடித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"என்னை நம்பகமில்லாதவன்னு எழுதினீங்க. எழுதினதை வாசிச்சும் காட்டினீங்க. அப்படிப்பட்டவன் உங்களுக்கு எதுக்கு? நம்பகமான ஆளாப் பாருங்க."

பொறுப்பாளர் இன்னும் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். இரண்டு தடவையும் அதே பதில். கேட்கிறவர்களுக்கு அது கோபமாகத் தெரிந்தது. மேனேஜருக்கு அது வேறாகத் தெரிந்தது. மூன்று பேர் முன்னால் கொடுத்த வார்த்தைக்காகச் சாகத் துணிந்தவன், தன் வார்த்தையைக் குறை சொன்ன இடத்துக்காகச் சாகமாட்டான். அவனை அங்கே கொண்டுபோனது எதுவோ அதுவேதான் இப்போது வாசலில் நின்று மறிக்கிறது என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஆனால் அச்சகக்காரன் போனான். சொந்தமாக அச்சு மெஷின் வாங்கிய கடன் இருக்கிறதென்று மேனேஜர் அவனை முன்பே திருப்பி அனுப்பியிருந்தார். பொறுப்பாளர் அந்தக் கடனைத் தீர்த்துக் கொடுத்தார். புதுப் படிவத்தில் அவனுக்கு நூற்றுக்கு எழுபத்தெட்டு. வேன்காரனும் அவனோடு கிளம்பினான். பாதி வழியில், டீசல் போட நிறுத்திய இடத்தில், சிறுநீர் கழித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிய வேன்காரன் வயல் வழியாக நடக்க ஆரம்பித்தான், நிற்கவே இல்லை. இரண்டு நாள் நடந்து யாரோ ஒரு மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அச்சகக்காரன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தனியாகப் போய், ஒரு கோர்ட் வாசலில் ஏழு பேரோடு செத்தான். ஏழு பேரில் இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்தவர்கள், ஒருவர் வாசலில் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறவர். மேனேஜர் பெயர்களைப் படித்தார். இதில் தன் கையெழுத்து இல்லை என்பதில் ஏதாவது ஆறுதல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். பத்தொன்பது படிவத்தில் அவர் கையெழுத்து இருந்தது.

அச்சகக்காரனின் விலாசத்தைச் சரிபார்க்க அவர்தான் போக வேண்டியிருந்தது. அவன் தாய் கதவைத் திறந்து, பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டு, மகனை முதலில் திருப்பி அனுப்பியது நீங்கள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றார். இன்னொரு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கலாமே என்றாள். அவருக்கு அந்த வேலை இப்போது இல்லை என்பதை அந்த வாசலில் நின்று விளக்க முடியவில்லை.

அதற்கு மூன்று நாள் கழித்து மச்சினன் அக்கா வீட்டுக்கு வந்தான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் பின்னறையில் தையல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார், ஆனால் மெஷினை ஓட்டவில்லை. மச்சினன் உட்காராமல் நின்றான். இளைத்திருந்தான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அப்படி எழுதினது, அக்கா தம்பின்னு காப்பாத்தறதுக்கா? இல்ல நிஜமாவே அப்படி நெனச்சீங்களா?"

மேனேஜர் அவன் முகத்தைப் பார்த்தார். அதுதான் அவர் தொழில். ஒரு வார்த்தை போதும் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. நீ என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தவர்களிலேயே சிறந்தவன் என்று சொன்னால், இவன் இந்த நிமிடமே உட்காருவான், சாப்பிடுவான், வாரத்தில் மூன்று நாள் வருவான். அச்சகக்காரன் தனியாகப் போயிருக்கிறான். மூன்று பேர் சொன்ன வார்த்தையில் ஒன்று நிறைவேறி, ஒன்று ஓடிப்போய், ஒன்று பாக்கி இருக்கிறது. பொறுப்பாளர் பட்டறைக்கு வந்து விடுத்த அழைப்பு இன்னும் திறந்தே இருக்கிறது.

"நெனச்சதைத்தான் எழுதினேன்" என்றார்.

"இப்பவும்?"

"ஆமா. இப்பவும்தான்."

மச்சினன் சரி என்றான். பின்னறைப் பக்கம் திரும்பி, வரேன்கா என்று குரல் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மனைவி வெளியே வரவில்லை. வெகுநேரம் கழித்து மெஷின் ஓடத் தொடங்கியது. அன்று அவர்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலை மனைவி, அவன் கேட்டபோது எனக்கு எழுந்து வந்து உண்மையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது என்றார். மேனேஜர், ஏன் வரவில்லை என்று கேட்டார். நூல் கோக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் சொல்லாததற்கு என்ன காரணமோ அதேதான் என்றார் மனைவி.

அதற்கு இரண்டு வருடத்தில் சண்டை முடிந்து சமாதான ஒப்பந்தம் ஆனது. கண்ணாடிக்கடை மாடி அறையை ஒரு டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டார்கள். மச்சினன் பட்டறையைப் பெரிதாக்கினான், இரண்டு பேரை வேலைக்கு வைத்துக்கொண்டான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகை அக்கா பெயருக்கு மட்டும் வந்தது. மனைவி தனியாகப் போய் வந்தார். அக்கா புருஷன் ஏன் வரவில்லை என்று பெண் வீட்டார் கேட்டார்களாம், உடம்பு சரியில்லை என்று சொன்னாராம். மேனேஜர் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.